கவுஸ் சார் திரும்பப் பெற்ற கட்டுரை

செய்தி வந்தபோது நான் ஒரு பெரியவரின் முழங்காலை மடக்கி நீட்டிக்கொண்டிருந்தேன். கிருஷ்ணகிரியில் எங்கள் பிசியோதெரபி பிரிவுக்குத் தொலைபேசி கிடையாது. அலுவலகத்துக்கு அழைப்பு வந்தால் அங்கிருந்து ஆள் வந்து சொல்ல வேண்டும். வந்த பியூன் வாசலில் நின்றபடியே, "மேடம், தருமபுரியிலேருந்து போன். யாரோ கவுஸாம், தவறிட்டாராம்" என்றார். யாரோ கவுஸாம்! "யாரோன்னா என்ன அர்த்தம்? ஒழுங்கா கேட்டுட்டு வந்து சொல்றதுக்கு என்ன?" என்று அவர்மேல் எரிந்து விழுந்தேன். பாவம், அவர் என்ன செய்வார். பேசியவர் சாருடைய தம்பி. காலையில் வேலைக்குக் கிளம்பிய சார், நெஞ்சைப் பிடித்துக்கொண்டு கட்டிலில் உட்கார்ந்தாராம். எழுந்திருக்கவே இல்லையாம். ஐம்பது வயதுகூட ஆகவில்லை அவருக்கு.

அன்று பார்த்துக் காரிமங்கலத்தில் சந்தை. பஸ் அங்கே மூட்டையும் கோழியுமாக ஏற்றி இறக்கி, நகர்வதா வேண்டாமா என்று நின்றுகொண்டிருந்தது. நான் தருமபுரி போய்ச் சேர்ந்தபோது சாயங்கால அஸர் தொழுகை முடிந்து, அடக்கமும் முடிந்து, ஆட்கள் கலைந்து வந்துகொண்டிருந்தார்கள். "ரொம்ப நேரம் வச்சிருக்கக் கூடாதுங்க. உங்களுக்காக ஒரு மணி நேரம் பாத்தோம்" என்றார் தம்பி. சாருடைய முகத்தைக் கடைசியாகப் பார்க்கக் கொடுத்துவைக்கவில்லை. வீட்டுக்குள் போய்ச் சாருடைய மனைவியின் கையைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்துவிட்டு வந்தேன்.

அடுத்த வாரம், சாரோடு வேலை பார்த்த நீங்கள் உங்கள் பாலிடெக்னிக்கில் இரங்கல் கூட்டம் வைத்தீர்கள். பேசியவர்கள் எல்லோரும் மனதாரத்தான் பேசினீர்கள், குறை சொல்லவில்லை. ஆனால் மூத்த ஆசிரியர் ஒருவர், "ஆராய்ச்சியில் பெரிய தவறு ஒன்று செய்தார், அதையும் தாமே ஒப்புக்கொண்டார், அதுதான் கவுஸ்" என்று சொன்னபோது எல்லாத் தலையும் ஆடியது. அடுத்து என்னைக் கூப்பிட்டீர்கள். "நல்ல மனுஷர், இனிமேல் அப்படி ஒருத்தரைப் பார்க்க முடியாது" என்று இரண்டு வாக்கியம் சொல்லிவிட்டு உட்கார்ந்தேன். வாயில் என்ன கொழுக்கட்டையா இருந்தது? இல்லை. பயம். ஆறு வருடமாக இருக்கிற பயம்.

இப்போது நினைவு மலருக்கு இரண்டு பக்கம் கேட்டிருக்கிறீர்கள். இது இரண்டு பக்கத்தில் அடங்காது. இடம் போதாவிட்டால் நான் அவரைப் பாராட்டியிருக்கிற இடங்களை வெட்டிக்கொள்ளுங்கள். அந்தத் தவறைப் பற்றி எழுதியிருப்பதில் கை வைக்காதீர்கள். அது அவருடைய தவறு என்றுதான் நீங்கள் எல்லோரும் நினைத்துக்கொண்டிருக்கிறீர்கள். அவரும் அப்படி நினைத்துக்கொண்டேதான் போனார். அதில் எனக்குப் பங்கு உண்டு. அவர் பெயரின் மேல் இருக்கிற அந்தச் சுமையில் என் பங்கை இறக்கி என் தலையில் வைத்துக்கொள்ளத்தான் இதை எழுதுகிறேன்.

எண்பத்து மூன்று வாக்கில் நான் தருமபுரியில் ஓர் ஆஸ்பத்திரியில் வேலை பார்த்தேன். எங்கள் அறைக்கு வெளியே இருந்த பெஞ்சில் ஒருவர் தொடர்ந்து நான்கு நாள் வந்து உட்கார்ந்தார். நோயாளியும் இல்லை, துணைக்கு வந்தவரும் இல்லை. பக்கவாதம் வந்தவர்களை நான் வராந்தாவில் நடக்க வைக்கும்போது அவர்கள் கால்களையே பார்ப்பார், மடியிலிருந்த நோட்டில் ஏதோ எழுதுவார். ஐந்தாம் நாள் எனக்குப் பொறுக்கவில்லை. "இங்க என்ன சினிமாவா ஓடுது?" என்று கேட்டேன். பதறி எழுந்து நின்றார். "மன்னிக்கணுங்க. எந்தக் காலு எவ்வளவு நேரம் தரையில நிக்குதுன்னு எண்ணிப் பாக்கறேன். கண்ணால எண்ண முடியலிங்க" என்றார். இப்படிப்பட்ட பதிலை நான் அதற்கு முன் கேட்டதில்லை. திட்ட வந்தவள், உட்காருங்கள் என்று சொல்லிவிட்டுப் போனேன்.

பிறகுதான் அவர் யார் என்று தெரிந்தது. பாலிடெக்னிக்கில் மெக்கானிக்கல் ஆசிரியர். பஜாரில் குடும்பத்துக்குச் செருப்புக் கடை. அவருடைய அப்பா, வாடிக்கையாளர் கழற்றிவிட்ட பழைய செருப்பின் அடியைத் திருப்பிப் பார்த்தே அந்த ஆள் எப்படி நடப்பான் என்று சொல்லிவிடுவாராம். அந்த அப்பாவுக்கே வலப்பக்கம் விழுந்துபோனது. மூன்று வருடம் காலை இழுத்து இழுத்து நடந்துவிட்டுப் போய்ச் சேர்ந்தார். "வலது செருப்பு நுனி மட்டும் தேஞ்சு ஓட்டையாயிடும்ங்க. நாங்க வேற செருப்பு எடுத்துக் குடுப்போம். வூட்ல ஒரு இன்ஜினியர் இருந்தேன், எனக்குத் தெரிஞ்சது அவ்வளவுதான், வேற செருப்பு எடுத்துக் குடுக்கறது" என்று சொன்னார். சொல்லும்போது சிரிக்கத்தான் செய்தார். கேட்ட எனக்குச் சிரிப்பு வரவில்லை.

அதற்காகத்தான் அவர் சென்னையில் ஒரு பேராசிரியரிடம் டாக்டர் பட்டத்துக்குப் பதிவு செய்திருந்தார். பக்கவாதம் வந்தவர்களின் நடையை அளக்க வேண்டும், அளந்தபடி அவர்களுக்குக் காலில் ஒரு கருவி செய்ய வேண்டும். அவரோடு பதிந்த நண்பர்களில் ஒருவர் பேட்டரிக்குள் வைக்கிற தகட்டையும், இன்னொருவர் மின்சாரம் பட்டால் ஒளிவிடுகிற ஏதோ பொருளையும் ஆராய்ந்துகொண்டிருந்தார்கள். "அவங்க பொருளு வச்ச எடத்துல இருக்கும்மா. நம்ம பொருளு, சாப்ட்டு வந்துடறேன் சாருன்னு போயிடும், சாயங்காலம் வரைக்கும் வராது" என்பார். போன நோயாளியைத் தேடிக்கொண்டு இவரே ஆஸ்பத்திரிக்கு எதிரே இருந்த இட்லிக் கடைக்குப் போவதும் உண்டு.

எங்கள் ஆஸ்பத்திரியில் கழித்துப் போட்டிருந்த ஈ.சி.ஜி. மெஷின் ஒன்றைக் கேட்டு எழுதி வாங்கிக்கொண்டு போனார். இருதயத்துக்குக் கோடு போடுகிற மெஷின் காலுக்குக் கோடு போட வேண்டும் என்பது அவருடைய யோசனை. இரண்டு மெல்லிய பித்தளைத் தகடு, நடுவே ஓட்டை போட்ட ரப்பர். மேலே கனம் ஏறினால் தகடுகள் தொட்டுக்கொள்ளும், டார்ச் பேட்டரியிலிருந்து மின்சாரம் ஓடும், தாளில் கோடு எழும்பும். இதைச் செருப்புக்குள் குதிகாலுக்கு ஒன்று, முன்பாதத்துக்கு ஒன்று என்று பதித்தார். செருப்பெல்லாம் அவர்கள் கடையிலிருந்து வந்தவை, பின்வார் வைத்த தோல் செருப்பு, எல்லா அளவிலும் ஒரு ஜோடி. முதன்முதலாகக் கோடு சரியாக வந்த அன்று அவர் போட்ட கூச்சலில், வார்டிலிருந்து நர்ஸ் யாருக்கோ என்னவோ ஆகிவிட்டதென்று ஓடிவந்தாள். "ஒண்ணும் இல்லம்மா, காலுக்கு உசுரு வந்துடுச்சு" என்றார்.

அப்புறம் இரண்டு வருடம் செவ்வாய்க்கிழமைதோறும் வந்தார். நோயாளிகளை நான் அழைத்து வருவேன். அவர் அளப்பார். ஸ்கேலை வைத்து மில்லிமீட்டர் மில்லிமீட்டராகக் கோட்டை அளந்து நோட்டில் எழுதுவார். ஒருநாள் ஓர் அம்மாளை அளக்கும்போது தாள் பாதியில் தீர்ந்துவிட்டது. மீதி நான்கு அடியும் முன்னே வைத்த அடிகளைப் போலத்தானே இருக்கும், அப்படியே எழுதிவிட்டால் என்ன என்று கேட்டேன். என்னை ஒரு மாதிரி பார்த்தார். "அளக்காததை எழுதக் கூடாதும்மா" என்றார். அந்த அம்மாளை அடுத்த செவ்வாய் பென்னாகரத்திலிருந்து மறுபடி வரவழைத்தோம்.

முனியம்மாவை இங்கேதான் சொல்ல வேண்டும். இண்டூரிலிருந்து உள்ளே தள்ளி ஒரு சின்ன ஊர். நாற்பத்தைந்து வயது இருக்கும். கேழ்வரகும் நிலக்கடலையும் போட்டு வானத்தைப் பார்த்துக்கொண்டிருக்கிற குடும்பம். வலது கையும் காலும் விழுந்து, கை வரவில்லை, கால் கொஞ்சம் வந்திருந்தது. சார் அளந்தவர்களில் அவள் மூன்றாவதோ நான்காவதோ. செருப்பை எடுத்துக்கொண்டு அவர் குனிந்து அவள் காலைப் பிடித்ததும், "ஐயோ சாமி, நீங்க போய் என் காலத் தொடறதா!" என்று காலை இழுத்துக்கொண்டாள். "செருப்புக் கடைக்காரன்மா நானு. காலத் தொடறதுதான் எங்க பொழப்பே" என்று சொல்லி மாட்டிவிட்டார்.

அவள் எழுந்து நடந்தாள். நான் பார்த்தேன். அரை மணி நேரத்துக்கு முன்புதான் என் அறையில் வெறுங்காலோடு நடந்திருந்தாள். வலது கால் இழுத்தது, அது நோய். இடது காலில் ஒரு குறையும் இல்லை. குதிகால் முதலில் பட்டு, பாதம் அமர்ந்து, விரல் ஊன்றி எழுந்தது. இப்போது செருப்போடு அந்த இடது காலும் மாறிப்போயிருந்தது. செருப்பு கழன்றுவிடுமோ என்று விரல்களை மடக்கிப் பிடித்துக்கொண்டு, காலைத் தூக்காமல் தரையோடு தரையாகத் தள்ளிக்கொண்டு போனாள். இவள் வாழ்நாளில் செருப்பு போட்டதில்லை என்று எனக்கு அந்த நிமிஷமே தெரிந்துவிட்டது.

எப்படித் தெரிந்தது? என் அம்மா அப்படித்தான் நடந்தார். நாங்கள் காரிமங்கலம் பக்கத்தில் காட்டுவேலை செய்து பிழைத்த குடும்பம். முதல் சம்பளத்தில் நான் அம்மாவுக்கு ஒரு ஜோடி செருப்பு வாங்கிக் கொடுத்தேன். ஞாயிற்றுக்கிழமை மாதா கோயில் வரைக்கும் விரலை மடக்கிக்கொண்டு இப்படியே தள்ளித் தள்ளி நடந்தார். திரும்பும்போது கையில் எடுத்துக்கொண்டார். சாரிடம் சொல்வதற்கு வாயெடுத்தேன். சொன்னால், உங்களுக்கு எப்படித் தெரியும் என்பார். எங்கம்மாவும் இப்படித்தான் என்று சொல்ல வேண்டும். ஆஸ்பத்திரியில் யாருக்கும் என் வீட்டைப் பற்றித் தெரியாது. நான் ஏதோ மலைமேல் கான்வென்ட்டில் படித்தவள் என்று ஒரு நர்ஸ் நினைத்துக்கொண்டிருந்தாள், நான் திருத்தவில்லை. பக்கத்தில் இரண்டு நர்ஸுகள் நின்றார்கள். வாயை மூடிக்கொண்டேன். காரணம் இவ்வளவுதான். இதைவிடப் பெரிய காரணம் ஏதாவது இருந்திருக்கக் கூடாதா என்று பலமுறை தேடிப் பார்த்திருக்கிறேன்.

சாருக்குத் தெரிய வழியில்லை. செருப்புக் கடையில் பிறந்து வளர்ந்தவர். கடைக்கு வருகிற கால்களைத்தான் அவருக்குத் தெரியும், கடைக்கு வராத கால்களைத் தெரியாது. எங்களிடம் வந்த நோயாளிகள் முனியம்மாவைப் போலவே வெறுங்காலோடு வளர்ந்தவர்கள். எந்த நோயாளியைப் பார்த்தாலும் நல்ல காலின் கோடும் கோணலாகவே வருகிறதே, மெஷினில் கோளாறா என்று அவருக்குச் சந்தேகம் வராமல் இல்லை. தானே அந்தச் செருப்பைப் போட்டு நடந்தார். பாலிடெக்னிக்கிலிருந்து ஆசிரியர்களையும் கிளார்க்குகளையும் கூட்டிவந்து நடக்கவிட்டார். உங்களில் சிலர் வந்து நடந்தீர்கள், ஞாபகம் இருக்கும். எல்லோருடைய கோடும் ஒழுங்காக இருந்தது. இருக்காதா பின்னே, எல்லோரும் செருப்புப் போட்டு வளர்ந்தவர்கள். மெஷின் சரி, ஆகவே நோய்தான் நல்ல காலையும் மாற்றிவிடுகிறது என்று அவர் முடிவுக்கு வந்தார். அதுவரை யாரும் அப்படிச் சொன்னதில்லையாம்.

அதைத்தான் கட்டுரையாக எழுதினார். பெங்களூரில் ஒரு கூட்டத்தில் வாசித்தபோது நல்ல வரவேற்பு. பிறகு ஒரு பத்திரிகையில் அச்சாகி வந்தது. அவர் பெயருக்குக் கீழே என் பெயரையும் போட்டிருந்தார். நான் கேட்கவில்லை. "நீங்க இல்லாம இது ஏதும்மா?" என்று பிரதியை நீட்டினார். என் பெயரை அச்சில் நான் பார்த்தது அதுதான் முதல் தடவை. அந்தப் பக்கத்தை எத்தனை முறை தடவிப் பார்த்திருப்பேன் என்று எனக்கே தெரியாது. முதலில் வெட்கத்தால் சொல்லவில்லை. இப்போது சொல்வதற்கு மனசே இல்லை. ஒருவேளை சார் கண்டுபிடித்ததுதான் உண்மையோ, ஆராய்ச்சி செய்தவருக்குத் தெரியாததா எனக்குத் தெரியப்போகிறது என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். என் கண்ணால் பார்த்ததையே நான் நம்ப மறுத்தேன், அடிப்பாவி.

அந்த அளவுகளை வைத்துக் கருவி செய்தார். முழங்காலுக்குக் கீழே ஒரு தோல் பட்டை, அதிலிருந்து கணுக்கால் வழியாக இறங்குகிற ஸ்பிரிங் கம்பி, கம்பியின் அடிநுனி செருப்பில் திருகப்பட்டிருக்கும். தொங்குகிற முன்பாதத்தை அது தூக்கிப் பிடிக்கும். முதல் கருவி முனியம்மாவுக்கு. வராந்தாவில் மூன்று நாள் பழக்கினோம். மூன்றாம் நாள் அவள் தடியை என்னிடம் கொடுத்துவிட்டு வராந்தாவின் கோடி வரை போய்த் திரும்பினாள். "காலு எனக்கு முன்னால போவுதுங்க டாக்ரம்மா!" என்று சிரித்தாள். சார் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார். அவருடைய அப்பாவை நினைத்திருப்பார் போலிருக்கிறது.

பன்னிரண்டு நாள் கழித்து அவள் கணவன் மாரப்பன் என் அறை வாசலில் வந்து நின்றார். கையில் ஒரு துணி மூட்டை. "வாசப்படியில வுழுந்துட்டாளுங்க. இடுப்பெலும்பு போச்சுன்னு சொல்றாங்க" என்றார். அவர் மூட்டையை அவிழ்த்தார். உள்ளே அந்தக் கருவி, துடைத்து வைத்தது போல இருந்தது. "இதைக் கொண்டுபோய்க் குடுத்துட்டு வரச் சொன்னாளுங்க. ஏதாச்சும் ஒடைஞ்சிருந்தா சாரு கோவிச்சுக்குவாரோன்னு பயப்படறா."

அன்று மதியமே சாரும் நானும் போனோம். இண்டூரில் இறங்கி, அங்கிருந்து நடை. முனியம்மா உள்ளே கயிற்றுக் கட்டிலில் கிடந்தாள். சார் வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போனார், நானும் கழற்றினேன். எப்படி விழுந்தாய் என்று கேட்டோம். "வூட்டுக்குள்ள செருப்போட போவ முடியாதில்லிங்களா? கழட்டலாம்னு ஒத்தக் கால்ல நின்னேனுங்க. வார அவுக்கறதுக்குள்ள சாஞ்சிட்டேன்" என்றாள். சார் அப்படியே திரும்பி வாசலைப் பார்த்தார். அவருடைய செருப்பு வெளியே கிடந்தது. எந்த வீட்டுக்குப் போனாலும் நாம் எல்லோரும் செய்கிறதுதான். வீட்டுக்குள் செருப்போடு போகாத ஒருத்திக்குச் செருப்பில் திருகிய கருவியைக் கொடுத்திருக்கிறோம், ஒரு கை வராதவளுக்கு இரண்டு வார், இரண்டு கொக்கி. இந்த ஒன்று எங்கள் இருவர் புத்திக்கும் எட்டவில்லை. இதில் நான் பொய் சொல்லவில்லை. ஆனால் அவள் அடுத்துச் சொன்னாள்: "உங்க மேல தப்பில்லிங்க சாமி. பொறந்ததுலேருந்து செருப்பு போட்டதில்ல, பழக்கமில்லாத கழுதை நானு."

"போட்டதே இல்லியாம்மா?" என்று கேட்டார் சார்.

"எங்க வூட்ல பொம்பளைங்க யாரும் போட்டதில்லிங்க."

அவர் முகம் மாறியதை நான் பார்த்தேன். அளந்த கால்கள் எல்லாம் ஒவ்வொன்றாக அவர் கண் முன்னே வந்திருக்க வேண்டும். கட்டிலின் கால்மாட்டில் தரையில் உட்கார்ந்துவிட்டார். சாருக்குத் தண்ணி குடுடி என்று முனியம்மா மகளைக் கூப்பிட்டாள்.

திரும்பி வரும்போது நிலக்கடலைக் காட்டோரமாக நடந்துகொண்டிருந்தோம். நின்றார். "மேரிம்மா, நீங்க தினமும் அவங்க காலத் தொட்டுப் பாத்தவங்க. செருப்பு போட்டா இவங்க நடை மாறுதேன்னு உங்களுக்கு எப்பவாவது தோணுச்சா? முன்னாடியே?" அவர் குரலில் குற்றச்சாட்டு எதுவும் இல்லை. அளந்து பார்க்கிறவர் கேட்கிற கேள்வி, அவ்வளவுதான்.

"இல்லைங்க சார். தோணலிங்க" என்றேன்.

தலையை ஆட்டினார். "உங்களுக்கே தோணலன்னா..." என்று ஆரம்பித்தவர் முடிக்கவில்லை. மறுபடி நடந்தோம். எனக்கு அந்த நிமிஷம் நிம்மதியாக இருந்தது. அதையும் மறைக்காமல் எழுதிவிடுகிறேன்.

அடுத்த நான்கு மாதம் அவர் எல்லோரையும் முதலிலிருந்து அளந்தார். பித்தளைத் தகட்டை வெறும் பாதத்தில் பிளாஸ்திரி போட்டு ஒட்டினார். ஆஸ்பத்திரிக்கு வர முடியாதவர்களைத் தேடி மெஷினைப் பஸ்ஸில் ஏற்றிக்கொண்டு ஊர் ஊராகப் போனார். சிலர் இறந்துபோயிருந்தார்கள். கிடைத்தவர்கள் நடந்தார்கள். நல்ல கால் எல்லாம் நல்ல காலாகவே இருந்தது. குதிகால் முதலில் பட்டது. அவர் கண்டுபிடித்ததாக நினைத்தது நோயின் வேலையே இல்லை, செருப்பின் வேலை.

கட்டுரையைத் திரும்பப் பெறுகிறேன் என்று பத்திரிகைக்கு எழுதினார். பேராசிரியர் தடுத்துப் பார்த்தார். திரும்பப் பெற வேண்டாம், இதை மேம்படுத்தி இன்னொரு கட்டுரை எழுதுங்கள், உலகத்தில் எல்லோரும் அப்படித்தான் செய்கிறார்கள் என்றாராம். "அப்ப முதல் கட்டுரை பொய்யாவே நின்னுட்டு இருக்குமே சார்" என்று இவர் சொல்லிவிட்டு வந்தார். பேராசிரியருக்கு வருத்தம். பதிவு காலாவதியானது. பட்டம் போனது. மெஷின் உங்கள் லேபில் ஒரு மூலைக்குப் போனது. அவர் முதுகுக்குப் பின்னால் 'செருப்பு டாக்டர்' என்று சிரித்தவர்கள் யார் யார் என்று எனக்குத் தெரியும். இரங்கல் கூட்டத்தில் முதல் வரிசையில் இருந்தீர்கள்.

முனியம்மா எழுந்திருக்கவில்லை. இடுப்பு கூடவில்லை. ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் ஜும்ஆ தொழுகை முடிந்ததும் சார் இண்டூர் பஸ் ஏறுவார். சில வாரம் நானும் போவேன், முதுகில் புண்ணுக்கு மருந்து போட. புரட்டிப் படுக்க வைக்கும்போது வலியில் அவள் பல்லைக் கடித்துக்கொள்வாள், சார் வெளியே போய் நிற்பார். பிற்பாடு அந்தப் பல்லைக் கடிக்கிற தெம்பும் போய்விட்டது. அடுத்த மழைக்கு முன் இறந்துபோனாள். அடக்கத்துக்குப் போய்விட்டு வரும் வழியில் சார் இவ்வளவுதான் பேசினார். "கால இழுத்துக்கிட்டாவது நடந்துக்கிட்டிருந்தாங்கம்மா. நான் போய் நிறுத்திட்டேன்." அப்போதாவது நான் சொல்லியிருக்கலாம். அந்தச் சுமையில் பாதியாவது அவரை விட்டு இறங்கியிருக்கும்.

எனக்குப் பதவி உயர்வு வந்தது, கிருஷ்ணகிரிக்குப் போனேன். விண்ணப்பத்தோடு அந்தக் கட்டுரையின் பிரதி இருந்தது. அது திரும்பப் பெறப்பட்டதா என்று யாரும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.

கடைசியாக அவரைப் பார்த்தது இந்த வருடம்தான், தருமபுரி பஸ் ஸ்டாண்டில். ஆள் பாதியாகியிருந்தார். டீ வாங்கிக் கொடுத்தார். அன்றைக்குச் சொல்லியே தீர்வது என்று எனக்குள் ஒரு வேகம் வந்தது. "சார், அந்த முனியம்மா விஷயத்துல..." என்று ஆரம்பித்தேன். கையை உயர்த்தித் தடுத்தார். "வேணாம்மா. அந்தப் பேச்ச எடுத்தா ரெண்டு நாளைக்கு எனக்குச் சோறு எறங்காது." டீயை ஒரு மடக்குக் குடித்துவிட்டு அவரே சொன்னார்: "எனக்கு ஒரே ஒரு ஆறுதல்தான். தினமும் தொட்டுப் பாத்த உங்க கண்ணுக்கே படல. அப்படின்னா அது யாரு கண்ணுக்கும் படக்கூடியதா இல்ல. அத நெனச்சுக்கிட்டுத்தான் நாளத் தள்ளறேன்."

நான் டீயைக் குடித்து முடித்தேன். பஸ் வந்தது, ஏறினேன். அவருடைய ஆறுதலைக் கெடுக்க வேண்டாம் என்றுதான் சொல்லவில்லை என்று காரிமங்கலம் வரைக்கும் எனக்கு நானே சொல்லிக்கொண்டு வந்தேன். பொய். அவர் என்னைப் பார்க்கிற பார்வை மாறிவிடுமே என்ற பயத்தில்தான் சொல்லவில்லை. இனி அந்தப் பார்வையும் இல்லை.

அவரிடமிருந்து என்னிடம் மிஞ்சியிருப்பது ஒரே ஒரு தாள். கட்டுரையைத் திரும்பப் பெற்ற கடிதத்தின் கார்பன் நகல். உங்கள் பெயரும் அதில் இருந்ததே, உங்களிடமும் ஒன்று இருக்கட்டும் என்று கொடுத்தார். எந்த ஊரில் யார் யாரை எப்படி அளந்தேன், எங்கே தவறினேன், மறுபடி அளந்தபோது என்ன வந்தது என்று வரிசையாக எழுதியிருக்கிறார். ஒவ்வொரு வரிக்கும் அவர் நோட்டில் ஓர் அளவு இருக்கும். கடைசிக்கு முந்தின வரி மட்டும் அப்படி இல்லை. 'என்னுடன் பணியாற்றிய பிசியோதெரபி நிபுணருக்கு இந்தப் பிழை தெரிந்திருக்கவில்லை. பொறுப்பு முழுவதும் என்னுடையது.' அதை அவர் அளந்து எழுதவில்லை, நான் சொன்ன வார்த்தையை நம்பி எழுதினார். கவுஸ் சார் திரும்பப் பெறாமல் விட்டுப்போன பொய் இந்த ஒன்றுதான். அவருக்குப் பதிலாக அதை இங்கே நான் திரும்பப் பெறுகிறேன். எனக்குத் தெரிந்திருந்தது.